படகெலும்பும் கணிப்பொறியும்

மணிக்கட்டு என்று தமிழர் ஒரே சொல்லால் வழங்கும் சிறிய இடத்தினுள் எட்டு எலும்புகள் அடங்கியிருக்கின்றன. நான்கு நான்காக இரண்டு வரிசைகளில் அமைந்துள்ள அவை, ஒன்றையொன்று உரசியும் வழுக்கியும் நகர்வதனாலேயே மனிதனால் உளி பிடிக்கவும், எழுதவும், வாளி தூக்கவும், கைகூப்பவும் முடிகிறது. அவ்வெட்டனுள் கட்டைவிரற்பக்கம் அமைந்த ஒன்று இரு வரிசைகளுக்கும் இடையே பாலம்போற் கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலமே. தோற்றத்தில் சிறு படகை ஒத்திருப்பதால், படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்குப் பெயர் அமைத்தனர் மேனாட்டு உடற்கூற்று நூலார். தமிழில் அதனைப் படகெலும்பு என்பது பொருந்தும்.

இத்துணைச் சிறிய எலும்பிற்கும் ஒரு வரலாறு உண்டோ என வினவலாம். உண்டு, அதுவும் இரு நூற்றாண்டு நீண்ட வரலாறு. மணிக்கட்டில் முறியும் சிற்றெலும்புகளுள் பாதிக்கும் மேற்பட்டவை படகெலும்புகளே. முறிவன பெரும்பாலும் உழைக்கும் வயதினரான இளைஞர்களின் கைகள். கீழே விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. ஊன்றிய உள்ளங்கையின் வழியே உடலின் எடை முழுவதும் பாயும்போது, பாலமாய் நிற்கும் படகெலும்பு தன் நடுப்பகுதியில் ஒடிகிறது. ஒடிந்தாலும் கை கோணுவதில்லை, தோல் கிழிவதில்லை, வீக்கமும் சில நாள்களில் வற்றிவிடுகிறது. கால் முறிந்தவனை ஊரே தூக்கிச் செல்லும். படகெலும்பு முறிந்தவனோ மறுநாளே வேலைக்குப் போய்விடுவான். ஒளிந்துகொள்ளும் இம்முறிவைக் காண்பதற்கு மனிதன் தேடிய வழிகளே இவ்வரலாற்றின் பெரும்பகுதி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வரலாற்றிற்குத் தனியொரு முகம் உண்டு. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் அது சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் தொட்டது. அத்துறைமுகமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. தலைநகரைச் செங்கல்லால் கட்டி எழுப்பிய காளவாய்கள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தது. ஆற்றின் இருமருங்கும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பாதை போட்டவர், பெட்டி கோத்தவர், மூட்டை சுமந்தவர், பால்மரம் வெட்டியவர் என, இப்பள்ளத்தாக்கில் தமிழர் செய்த தொழில்களுட் பெரும்பாலானவை கையை நம்பிய தொழில்களே.

பால்மரம் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். உளி சற்று ஆழம் போனால் மரம் புண்படும். ஆழம் போதாவிடில் பால் வடியாது. இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கண்ணைக் காட்டிலும் மணிக்கட்டே நன்கறியும். விடியற்கருக்கலில், மழைநீர் ஊறிய சரிவில், வழுக்கி விழுந்தவர் கையை ஊன்றினார். மணிக்கட்டு வலித்தது. லயத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு: சுளுக்கு. எண்ணெய் காய்ச்சி நீவினார்கள். தோட்டத்து டிரஸரிடம் போனால் தைலமும் கட்டுத்துணியும் கிடைத்தன. வலி குறைந்தது, உளி மீண்டும் கையேறியது. ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே மணிக்கட்டு மடங்க மறுக்கையில், ‘பழைய சுளுக்கு’ என்றனர். சுளுக்கு என்னும் அவ்வெளிய சொல் எத்தனை முறிவுகளை மூடி மறைத்ததோ, அதற்குக் கணக்கெடுத்தவர் எவருமிலர்.

நாட்டு வைத்தியரை இதற்காக ஏளனம் செய்வது எளிது; நியாயம் ஆகாது. மலாய்க் கம்பத்தில் எலும்பு கூட்டும் போமோவும், சீனக் கடைத்தெருவில் தைலம் பூசிக் கட்டும் வைத்தியரும், வர்மமும் கட்டும் அறிந்த தமிழ் ஆசானும் இப்பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள். முறிந்த உறுப்பை அசையாமல் நிறுத்தினால் எலும்பு தானே கூடும் என்னும் உண்மையை அவர்கள் ஆங்கில மருத்துவம் இங்கு வருமுன்பே அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை எலும்பு முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் பகுத்து, மூங்கிற் பட்டை முதலியன வைத்துக் கட்டும் முறையையும் கூறுகிறது. ஆந்திரத்துப் புத்தூரின் கட்டு தமிழ்நாடெங்கும் புகழ்பெற்றது. முன்கை எலும்பிற்கும் கால் எலும்பிற்கும் இம்முறை பல வேளைகளில் பயன் தந்தது. படகெலும்பிடம் மட்டும் அது தோற்றது. காரணம், வைத்தியரின் கைத்திறத்தில் இல்லை. அவ்வெலும்பின் குருதியோட்டத்தில் இருக்கிறது.

படகெலும்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குருத்தெலும்பால் மூடப்பட்டது. குருதிக்குழாய் நுழைவதற்கு எஞ்சிய இடம் மிகக் குறைவு. பெரும்பான்மைக் குருதி, விரல்களுக்கு அணித்தான முனையின் பக்கமாக எலும்பினுட் புகுந்து, அங்கிருந்து பின்னோக்கி முன்கைப் பக்கம் பாய்கிறது. வாய்க்கால் நடுவில் உடைந்தால் கடைமடை காய்வது போல, எலும்பு நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு குருதியின்றி வாடும். சிலருக்கு அது செத்தே போகும். ஏனைய எலும்புகளைச் சுற்றியுள்ள சவ்வு புதிய எலும்பை வளர்த்து முறிவை மூடுகிறது. அச்சவ்வின் உதவியும் இவ்வெலும்பிற்குப் போதிய அளவு இல்லை. கூடாத துண்டுகள் ஒன்றோடொன்று உரசி, அண்டை எலும்புகளின் வரிசையைக் குலைத்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டினையே தேய்த்துவிடுகின்றன. இருபது வயதில் விழுந்தவர் நாற்பது வயதில் கிழவரின் மணிக்கட்டோடு நிற்பது இவ்வாறுதான்.

கதிர்ப்படம் இல்லாத காலத்து மருத்துவர் மணிக்கட்டு முறிவுகளை எங்ஙனம் அறிந்தனர்? விரலால் அறிந்தனர். 1814ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலீஸ், மணிக்கட்டை அடுத்து ஆரையெலும்பு முறிவதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை அத்தகைய காயங்களையெல்லாம் மூட்டு விலகல் என்றே மருத்துவர் கருதி வந்தனர். கோலீஸ் அவ்வாறு முறிந்த எலும்பு ஒன்றையேனும் அறுத்துப் பார்த்தவர் அல்லர். தடவியும் இழுத்தும் உணர்ந்தே, இது விலகல் ஆகாது, முறிவு என நிறுவினார். பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் புத்தோ என்பாரின் நூல் இதனை 1783லேயே குறித்திருந்தும், புகழ் கோலீஸுக்கே சேர்ந்தது. இன்றும் அம்முறிவு அவர் பெயராலேயே வழங்குகிறது. பிரிக்பீல்ட்சை அறிந்தோர்க்கு இத்தகைய விரலறிவு வியப்பளிக்காது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்கிவருகிறது. பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடிப்பு நிலையங்களுக்கும் அவ்வட்டாரம் பெயர்பெற்றது. விரல் நுனியால் காண்பது எத்துணை நுண்ணிய கல்வி என்பதற்கு அத்தெருக்களே சான்று.

ஆனால் ஆரையெலும்பின் முறிவை விரல் உணரும். ஆழத்தில் புதைந்த படகெலும்பின் பிளவை விரல் ஐயுறலாமேயன்றித் துணிய இயலாது. அதற்கு வேறொரு கண் வேண்டியிருந்தது. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்சுபர்க் நகரில் வில்லெம் ரோண்ட்கன் அக்கண்ணைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே என மக்கள் வழங்கும் ஊடுகதிர் அது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் அவர் எடுத்த புகழ்பெற்ற படம், மோதிரம் அணிந்த அவர் மனைவியின் கை. ஊடுகதிரின் வரலாறு ஒரு கையிலிருந்து தொடங்குவது குறிப்பிடத்தக்கது. இரண்டே ஆண்டுகளில், 1897இல், அக்கருவி மலாயாவிற்கும் வந்து பேராக்கின் தைப்பிங் மருத்துவமனையில் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கமும் முதல் இருப்புப்பாதையும் கண்ட ஊர் முதலிற் பெற்றதில் வியப்பில்லை.

படகெலும்பு முறிவுக்குத் தெளிவான உருவம் தந்தவர் லியோன் நகரத்துக் கதிர்மருத்துவர் எத்தியென் தெஸ்தோ. 1905இல் அவர் வெளியிட்ட நூல் மணிக்கட்டையும் தொழில் விபத்துகளையும் பற்றியது. நூலின் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். பிரான்சு நாட்டில் 1898இல் தொழில் விபத்துச் சட்டம் வந்தது. அதன்பின், தொழிலாளியின் கை வலி உண்மையா பொய்யா என்பதை மருத்துவர் எழுத்தில் கூறவேண்டிய நிலை எழுந்தது. வலிக்கிறது என்று அவன் சொன்னால் போதாது, படம் சொல்லவேண்டும். மணிக்கட்டின் அறிவியல் கூடத்தில் மட்டும் வளர்ந்ததன்று. இழப்பீட்டு மேசையின் மேலும் வளர்ந்தது.

இதே போக்கில் நிற்பவர் ஆஸ்திரிய நாட்டு லோரன்ஸ் போலர். 1925இல் வியன்னா நகரில், தொழிலாளர் விபத்துக் காப்புறுதியின் துணையோடு, விபத்துக்கெனவே ஒரு மருத்துவமனை திறந்தார். அரைகுறையாகக் கட்டிவிட்டு அனுப்புவது, இறுதியில் காப்புறுதிக்கே கூடுதற் செலவு என்று கணக்கிட்டுக் காட்டினார். மணிக்கட்டைச் சுண்ணாம்புச் சாந்துக் கட்டில் இறுக்கி, வாரக்கணக்கில் அசையாது நிறுத்தும் முறை அவரால் ஒழுங்கு பெற்றது. முறிவு தக்க காலத்திலேயே அறியப்பட்டு, துண்டுகள் விலகாமல் இருந்தால், இக்கட்டினாலேயே பெரும்பாலான படகெலும்புகள் கூடிவிடும். ஆனால் இரண்டு மாதத்திற்கும் மேலாகக் கட்டுடன் இருக்கவேண்டும். நாட்கூலி பெறுபவர் இரண்டு மாதம் கையைத் தொங்கவிட்டிருப்பதன் பொருளைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

மலேசியாவில் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1971இல் அமைந்த பெர்கேசோ நிறுவனமும் இந்நிலையை ஓரளவு மாற்றின. தொழிலிடத்தில் நேரும் விபத்தோடு, வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அச்சட்டத்தின் கீழ் வருகிறது. இது சிறு செய்தியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களானபோது, லயத்தை விட்டு வெளியேறிய இளைஞர் ஷா ஆலத்துத் தொழிற்சாலைகளுக்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் மோட்டார் சைக்கிளில் சென்றனர். 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனவே தனிப்பாதை அமைக்கவேண்டியிருந்தது என்றால் அவர்கள் தொகையை உய்த்துணரலாம். சரிவில் வழுக்கிய தந்தையின் மணிக்கட்டு முறிவு, நெடுஞ்சாலையில் மகனுடையதாயிற்று. இடம் மாறியது, எலும்பு மாறவில்லை. சுளுக்கு என்ற சொல்லும் மாறவில்லை. மருத்துவத் தாளில் சுளுக்கு என்று எழுதினால் இரண்டு நாள் விடுப்பு. முறிவு என்று எழுதினால் மாதக்கணக்கில் ஊதியக் காப்பு. ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் அடுப்பு அடங்கிவிடுகிறது.

கட்டினால் கூடாத படகெலும்பை அறுவையாற் கூட்டும் முயற்சிகளும் இதற்கிடையே நடந்தன. சுவிட்சர்லாந்து நாட்டு மாட்டி என்பார் 1930களில், செத்த பகுதியைக் குடைந்தெடுத்து, நோயாளியின் உடலில் வேறோரிடத்து மென்னெலும்பைப் பொதிந்து வைத்தார். போலரின் வழிவந்த வியன்னா மருத்துவர் ஓட்டோ ருசே, உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து அம்முறையைத் திருத்தி 1960இல் வெளியிட்டார். எலும்பினுட் குருதி மீண்டும் துளிர்ப்பதற்கு அது வழிசெய்தது. எனினும் துண்டுகளை இறுக்கிப் பிடிப்பதற்குக் கருவியில்லை. 1954இல் நியூயார்க் நகரத்து மெக்லாலின் திருகாணி கொண்டு பிணைத்துப் பார்த்தார். சாதாரணத் திருகாணிக்குத் தலை உண்டு. குருத்தெலும்பால் மூடிய மூட்டினுள் அத்தலை துருத்திக்கொண்டு நிற்கும்.

விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. திமொதி ஹெர்பர்ட் என்னும் அறுவை மருத்துவரும் பிஷர் என்னும் பொறியாளரும் சேர்ந்து, தலையே இல்லாத ஒரு திருகாணியை வடித்து, 1984இல் அதன் பயனை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். அதன் இரு முனைகளிலும் மரைகள் உண்டு, நடுவில் இல்லை. முன்மரையின் சுற்றுகள் இடைவெளி மிக்கவை. பின்மரையின் சுற்றுகள் நெருக்கமானவை. ஒரு சுற்றுத் திருகினால் முன்முனை கூடுதல் தொலைவும் பின்முனை குறைந்த தொலைவும் செல்லும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இரு துண்டுகளும் தாமாகவே ஒன்றையொன்று நெருங்குகின்றன. திருகி முடித்தால் முழுவதும் எலும்பினுள் மறைந்துவிடும். மருத்துவமும் பொறியியலும் கூடிச் செய்த கருவிகளுள் இத்துணை எளிமையும் அறிவும் வாய்ந்தவை சிலவே.

ஆயினும் அத்திருகாணி ஒரு புதிய கடமையைச் சுமத்தியது. ஓர் அங்குல நீளமும், நடுவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பருமனுமுள்ள வளைந்த எலும்பினுள், சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள திருகாணியை நட்டநடுவே செலுத்தவேண்டும். நடுவே சென்றால் பிடிப்பு மிகும். எலும்பும் விரைந்து கூடும். ஒதுங்கினால் துண்டுகள் சுழன்றுவிடும். மூட்டைத் துளைத்தால் நோயினும் மருந்து கொடிதாகும். பின்னாளில், தோலைச் சிறிதளவே கீறி, முதலில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் துளையுடைய திருகாணியைக் கோத்துச் செலுத்தும் முறை பரவியது. கம்பி போகும் வழியை அறிய மருத்துவர் ஊடுகதிர்த் திரையை மீண்டும் மீண்டும் பார்க்கவேண்டும். திரை காட்டுவதோ தட்டையான நிழல். வளைந்த படகின் நடுவை நிழலில் தேடுவது எத்துணைக் கடினம்!

இங்கேதான் கணிப்பொறி புகுகிறது. அதன் நுழைவாயில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் என்றால் நம்புவது அரிது. தமிழ் இல்லங்களில் நாய் அமர்ந்து பாட்டுக் கேட்கும் சின்னமுள்ள இசைத்தட்டுகளைக் கண்டோர் பலர். அவற்றை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு. உடலைப் பல கோணங்களில் ஊடுகதிரால் அளந்து, அவ்வளவுகளைக் கணிப்பொறியிடம் கொடுத்து, உட்புறத்தைச் சீவல் சீவலாக வரைந்துகாட்டும் கருவியை அவர் படைத்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இலண்டன் மருத்துவமனையொன்றில் முதல் நோயாளியின் தலை அவ்வாறு படமாக்கப்பட்டது. அப்படத்தில் இருந்தவை 80க்கு 80 கட்டங்கள் மட்டுமே. 1979இல் அலன் கார்மக்கோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிழல் கண்ட மருத்துவன் முதன்முறையாகப் பருப்பொருளைக் கண்டான்.

படம் கிடைத்தபின், படத்தையும் கருவியையும் இணைப்பதே அடுத்த படி. 1985இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், தொழிற்சாலைக்கென ஆக்கப்பட்ட இயந்திரக் கை ஒன்று, சி.டி. படத்தின் வழிகாட்டலில் மூளையினுள் ஊசி செலுத்தத் துணைநின்றது. 1992இல் சாக்ரமென்டோ நகரில் இடுப்பெலும்பு மாற்று அறுவையில் ரோபோடாக் என்னும் இயந்திரம் தொடையெலும்பைக் குடைந்தது. தலையும் இடுப்பும் இதற்கு முதலில் இணங்கியது இயல்பே. அவை பெரியவை, அசையாது நிறுத்தத்தக்கவை. எட்டு எலும்புகள் எட்டுத் திசையில் நழுவும் மணிக்கட்டு இறுதியில்தான் இணங்கிற்று.

கனடாவின் கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்லிஸ் என்னும் கணிப்பொறி அறிஞரும் பிக்கோரா என்னும் அறுவை மருத்துவரும் இத்துறையில் ஒன்றாக உழைத்தனர். கோணலாகக் கூடிய ஆரையெலும்பை வெட்டித் திருத்தும் முறையொன்றை அவர்கள் குழு 2001இல் வெளியிட்டது. அதன் நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. வழக்கமாக எலும்பை முதலில் வெட்டி, நேராக்கி, பின்பு தகடு வைத்துத் துளையிடுவர். இவர்களோ, எலும்பு நேரான பின் துளைகள் எங்கே வரவேண்டும் என்று கணிப்பொறியில் முன்னரே கணித்து, கோணலாக இருக்கும்போதே துளைகளை இட்டுவிடுவர். பின்பு வெட்டித் தகட்டைப் பொருத்தும்போது, எலும்பு துளைகளைத் தேடி வந்து தானே நேராகிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்து முராசே முதலியோர், நோயாளியின் எலும்பிற்கென்றே கணிப்பொறியில் வடித்த வெட்டுச்சட்டங்களைக் கொண்டு முன்கை எலும்புகளைத் திருத்தி 2008இல் அறிக்கை தந்தனர். முறியாத மற்றொரு கையின் உருவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, ‘இக்கை முன்பு இவ்வாறு இருந்தது’ என்று கணிப்பொறி காட்டுவது இம்முறைகளின் உயிர்நாடி. வலக்கைக்கு இடக்கை சாட்சி.

படகெலும்பு அறுவையின் போக்கைச் சுருங்கக் கூறுவோம். சி.டி. படச்சீவல்களிலிருந்து எலும்பின் முழு உருவம் திரையில் எழுகிறது. திருகாணி நுழையும் இடமும் போகும் வழியும் நீளமும் அங்கேயே முடிவாகின்றன. அறுவைக் கூடத்தில் ஒளிவிடும் குறிகளை ஒரு கேமரா தொடர்ந்து நோக்க, மருத்துவரின் கையிலுள்ள துளைகருவி எலும்பினுள் எங்கே நிற்கிறது என்பதைத் திரை நொடிக்கு நொடி காட்டுகிறது. இடர் ஒன்றுண்டு. தொடையெலும்பில் அக்குறியை ஆணியிட்டு நிறுத்தலாம். படகெலும்பில் திருகாணிக்கே இடம் போதாதபோது குறிக்கு எங்கே இடம்? ஆகவே மணிக்கட்டு முழுவதையும் ஒரு சட்டத்தில் அசையாது பிணித்து, குறியைச் சட்டத்தின்மேல் வைத்தனர். பழைய வைத்தியரின் மூங்கிற் பட்டை இங்கே வேறு உருவில் மீண்டு வந்ததை எண்ணிப் புன்னகைக்கலாம். 2019இல் பெய்ஜிங் நகரத்து ஜிஷுயிதான் மருத்துவமனையினர், இயந்திரக் கை திசை காட்டப் பத்து நோயாளிகளின் படகெலும்புகளில் திருகாணி செலுத்திய அறிக்கையை வெளியிட்டனர். திருகுவது இன்னமும் மனிதக் கையே. திசை காட்டுவதே இயந்திரம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ வளர்ச்சி இவ்வுலக வளர்ச்சியோடு இணைந்தே நடந்துள்ளது. டி. ஜே. தனராஜ் முதல் தலைவராக இருந்து அமைத்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறை 1964இல் முதல் மாணவரை ஏற்றது. 1960களின் இறுதிக்குள் லெம்பா பந்தாயில் அதன் மருத்துவமனையும் எழுந்தது. முறிவு மருத்துவம் படிக்கக் கடல் கடக்கவேண்டிய நிலை மெல்ல மாறியது. கையறுவை ஒரு தனித்துறையாகக் கிளைத்ததில் தமிழகத்திற்கும் பங்குண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு, 1940களின் இறுதியில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி விரியச் செய்தார். உலகம் கைவிட்ட கைகளிலிருந்தே கையறுவை தன் பாடங்கள் சிலவற்றைக் கற்றது.

கோலாலம்பூரின் வடபுறத்தில் 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, தாளும் கதிர்ப்படச் சுருளும் இன்றிக் கணிப்பொறியாலேயே இயங்குமாறு திட்டமிடப்பட்டது. அடுத்த ஆண்டே, 2000 மே மாதம், டாக்டர் வி. பத்மநாதன் தலைமையில் அதன் கையறுவைக் குழு உலகை வியக்கவைத்தது. வளர்ச்சியற்ற கையோடு பிறந்த பச்சிளங் குழந்தைக்கு, மூளைப் பாதிப்பால் பிழைக்க இயலாது போன இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தினர். இருவரும் ஒரே கருவின் இரு பகுதிகள் ஆதலால், அயல் உறுப்பை உடல் தள்ளிவிடும் அச்சம் அங்கு இல்லை. நூலிழையினும் மெல்லிய குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் திறன் இப்பள்ளத்தாக்கில் வேரூன்றிவிட்டது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

அவ்வாறாயின் ஒவ்வொரு படகெலும்பையும் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிடலாமோ? இவ்விடத்தில் நிதானம் தேவை. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 31 மருத்துவமனைகளில், படகெலும்பு நடுவில் முறிந்து துண்டுகள் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத 439 பேரை ஆராய்ந்த முடிவு 2020இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர்க்கு உடனே திருகாணி. மறுபகுதியினர்க்குக் கட்டு, கூடாதவர்க்கு மட்டும் பின்னர் அறுவை. ஓராண்டு கழித்து நோக்கியபோது மணிக்கட்டின் செயலில் இரு சாராரிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. அறுவை செய்துகொண்டவரிடம் கடுமையாகத்தக்க சிக்கல்கள் மிகுந்திருந்தன. போலரின் சாந்துக் கட்டு நூறாண்டுக்குப் பின்னும் தோற்றுவிடவில்லை. கணிப்பொறியின் உண்மையான களம் வேறு: விலகிய முறிவு, குருதி வற்றிய துண்டு, கோணலாய்க் கூடிய எலும்பு. இவற்றுள் பல, காலத்தில் அறியப்படாமையின் விளைவு. தொடக்கத்தில் ஒரு கட்டு செய்திருக்கவேண்டிய வேலையைப் பல ஆண்டுகளின்பின் பெருஞ்செலவிற் செய்யவேண்டிய நிலையில்தான் அக்கருவியின் அருமை மிகுதியும் விளங்குகிறது.

காலத்தில் அறிவதற்கு வழி எளிது. கட்டைவிரலை நிமிர்த்தி விரித்தால், அதன் அடியில் இரு தசைநாண்களுக்கிடையே ஒரு குழி தோன்றும். ஐரோப்பியர் பொடியை அதில் இட்டு உறிஞ்சியதால் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயர். அக்குழியின் அடித்தளம் படகெலும்பு. கை ஊன்றி விழுந்தவர்க்கு அங்கே அழுத்தினால் வலிக்குமாயின், முதல் நாள் ஊடுகதிர்ப் படத்தில் கோடு தெரியாவிட்டாலும் முறிவு என்றே ஐயுறவேண்டும் என்பது மருத்துவ நூல்களின் கட்டளை. ஏனெனில் புதிய முறிவுகளுள் ஒரு பகுதி முதற்படத்தில் தோன்றுவதில்லை. காந்தப்புலப் படம் எடுக்க வசதியுள்ள இடத்தில் ஓரிரு நாளிலேயே ஐயம் தீரும். வசதியில்லாத இடத்தில் நீவுதல் கூடாது. கட்டுப் போட்டு, பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கவேண்டும். அதற்குள் முறிந்த விளிம்பின் எலும்பு சற்றே கரைந்து, மறைந்திருந்த கோடு வெளிப்படும். அவ்விரண்டு வாரத்திற்கு அவர் கையில் இருக்கும் மருத்துவத் தாளில் ‘படகெலும்பு முறிவு என ஐயம்’ என்று எழுதப்பட்டிருக்கவேண்டும்.